பேஸ் மாடல் காரின் கருப்புக் கைப்பிடிக்கும் மிரர் கவருக்கும் பாடி கலர் அடிக்கலாமா?

கேள்வி இதுதான். சில்க்கி சில்வர் நிறத்தில் ஒரு வேகன் ஆர், எல்எக்ஸ்ஐ. கதவுக் கைப்பிடி, மிரர் கவர், வாங்கிய பிறகு ஒட்டிய சைடு பீடிங், வைப்பருக்குக் கீழே இருக்கும் கவுல், எல்லாமே கருப்பு பிளாஸ்டிக். தெரிந்த பெயின்டர் ஒருவர் "எல்லாத்தையும் ஒரே நாள்ல பாடி கலர் ஆக்கிடலாம்" என்கிறார். செய்யலாமா, செய்தால் நிற்குமா, ஸ்ப்ரே கேன் வாங்கி நாமே அடித்துக்கொள்ள முடியுமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மிரர் கவருக்கு அடிக்கலாம், நன்றாகவே வரும். கைப்பிடிக்கும் அடிக்கலாம், ஆனால் அங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சைடு பீடிங்கை நான் அடிக்க மாட்டேன். கவுலைத் தொடவே வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு இடிக்கிற ஒரே விஷயம் அந்த 'ஒரே நாள்'. கருப்பு பிளாஸ்டிக்கில் அடித்த பெயின்ட் உரிந்து வந்தால், பெரும்பாலும் குற்றம் கலரிலும் இருக்காது, பெயின்ட் கம்பெனியிலும் இருக்காது. அடியில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். நேரம் பிடிப்பது அந்த அடிவேலைக்குத்தான். கலர் அடிப்பது அதில் சின்னப் பங்கு.

பெயின்டரிடம் போவதற்கு முன்னால் உதிரிபாகக் கவுன்டருக்கு ஒரு போன் போடுங்கள். இதே காரின் மேல் வேரியன்ட்டில் கைப்பிடியும் மிரர் கவரும் பாடி கலரிலேயே வருகின்றன. சேஸ் நம்பரைச் சொல்லி, அந்தப் பாகங்கள் உங்கள் காருக்குப் பொருந்துமா, கலர் அடித்ததாகவே கிடைக்குமா, இல்லை பிரைமர் மட்டும் அடித்ததாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பெயின்டர் கேட்கும் கூலி, மெட்டீரியல் எல்லாவற்றையும் கூட்டி அந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிரர் கவர் விஷயத்தில் பல சமயம் புதுப் பாகமே லாபமாக முடியும். ஃபேக்டரியில் பாகத்தைத் தனியாக மாட்டி, தூசியில்லாத பூத்தில் அடித்து, சூட்டில் உலர்த்திய பெயின்ட்டுக்கு ஈடாக, தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் அடித்தது நிற்பது கஷ்டம். கைப்பிடி வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடிக்கு சாவித் துவாரம் உண்டு. பட்டனைத் தொட்டுத் திறக்கிற கீலெஸ் மாடலின் கைப்பிடியில் அந்த பட்டனுக்கென்று தனி ஓட்டை இருக்கும், அது உங்களுக்கு ஆகாது. கழற்றிய கருப்புப் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கலர் அடித்தது ஒருநாள் உடைந்தால் அவசரத்துக்கு உதவும்.

சரி, இருப்பதற்கே அடிப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் தெரிய வேண்டியது அது என்ன பிளாஸ்டிக் என்பது. பாகத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். > < என்ற இரண்டு கூர்க்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர்ச்சுருக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். மிரர் கவரில் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ என்று இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவு. ஏஎஸ்ஏ வெயிலைத் தாங்கும், அதனால்தான் பெயின்ட் இல்லாமல் வெளியில் விடுகிற பாகங்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கைப்பிடி பல கார்களில் பிஏ, அதாவது நைலான், இல்லாவிட்டால் பிசி, பிபிடி என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளின் கலவை. பம்பர், வீல் ஆர்ச் கிளாடிங், கவுல் போன்ற பெரிய துண்டுகள் பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், அல்லது பிபியோடு ரப்பர் கலந்த பிபி பிளஸ் இபிடிஎம். பக்கத்தில் டி20 என்று இருந்தால் அதில் 20 சதவீதம் டால்க் பொடி கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பெயின்ட் நிற்பதும் நிற்காததும் இங்கேதான் முடிவாகிறது. ஏபிஎஸ், ஏஎஸ்ஏ இரண்டும் பெயின்ட்டை நன்றாக ஏற்கும். லேசாகத் தேய்த்து, சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் போட்டாலே கவ்விக்கொள்ளும். பிபி அப்படியில்லை. அதன் மேல்பரப்பு மெழுகு மாதிரி, எதையும் ஒட்டவிடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாமல் முத்தாக உருண்டு நிற்கும். தண்ணீரே பரவாத இடத்தில் பெயின்ட் எப்படிப் பற்றும்? மேலே படலமாகக் காய்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரஷர் வாஷரின் தண்ணீர் ஓரத்தில் பட்டதும் வெங்காயத் தோல் மாதிரி முழுசாகக் கழன்று வரும். கார் தொழிற்சாலைகளில் இதற்காகவே பம்பரின் மேல் கேஸ் ஜுவாலையைக் கண் இமைக்கும் நேரம் ஓட்டி, மேல்தோலின் இயல்பையே மாற்றிய பிறகு கலர் அடிக்கிற வழக்கம் உண்டு. ஜுவாலைக்குப் பதில், குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் கலந்த பிரைமரை முதலில் அடிப்பதும் உண்டு. நமக்குக் கடையில் கிடைக்கிற அட்ஹீஷன் ப்ரமோட்டர் இந்த இரண்டாவது வகை. பிபி பிரைமர் என்று கேட்டாலும் தருவார்கள். ப்ளோ லாம்ப்பை எடுத்துக்கொண்டு முதல் முறையை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். பாகம் வளைந்துவிடும்.

எழுத்து தெரியவில்லை என்றால் உள்பக்க மூலையில் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். ஏபிஎஸ் நைசான பொடியாக உதிரும். பிபி பஞ்சு மாதிரி நார் நாராகச் சிலிர்க்கும், தாளிலும் அப்பும். தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு பரிசோதனை சொல்வார்கள். சுத்தமான பிபிக்கு அது சரி, அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஆனால் 20 சதவீதம் டால்க் ஏற்றிய பிபியும் மூழ்கிவிடும், அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் பிபி என்றே வைத்துக்கொண்டு ப்ரமோட்டர் போடுங்கள். அதன் டப்பாவில் ஏபிஎஸ் மீதும் போடலாம் என்று இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கழுவுதல். இதைத்தான் எல்லாரும் அவசரமாக முடிக்கிறார்கள். புதுப் பாகம் என்றால் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கும். பழைய பாகம் என்றால் சர்வீஸ் சென்டரிலும் வாட்டர் வாஷிலும் கருப்பு பிளாஸ்டிக் பளபளக்கத் தடவிய சிலிகான் பாலிஷ் அதன் சொரசொரப்புக்குள் ஊறிப்போயிருக்கும். சிலிகான் துளி இருந்தாலும் பெயின்ட் விழுந்த இடத்திலிருந்து விலகி, வட்ட வட்டமாகக் குழி விழும். பாத்திரம் கழுவும் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும் எடுத்துக்கொண்டு சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு வேக்ஸ் ரிமூவர், அது இல்லாவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர போகாது. என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான தின்னரால் துடைக்கிறார்களா என்று ஒரு கண் வையுங்கள். ஏபிஎஸ்ஸை அது அரித்து மயிரிழை வெடிப்பு விடவைக்கும். உப்புத்தாள் இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் தேய்த்தால் அந்த சிலிகானை நாமே கீறலுக்குள் தள்ளிவிட்டதாக ஆகும்.

வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்த பாகமாக இருந்தால் அந்த மேல்தோல் செத்த பிளாஸ்டிக். விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். அது முழுக்கப் போகும்வரை தேய்க்காமல் மேலே என்ன அடித்தாலும் அந்த மாவோடு சேர்ந்து வந்துவிடும். நைலான் கைப்பிடிக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரத்தை உள்ளே இழுக்கும். கழுவிய உடனே அடிக்காமல் ஒரு நாள் முழுக்க நன்றாகக் காயவிட்டு அடிப்பது நல்லது. 'ஒரே நாள்' கணக்கு இங்கேயே உதைக்கிறது பாருங்கள்.

இப்போது சொரசொரப்பைப் பற்றி. பேஸ் மாடலின் கருப்புப் பாகங்களில் பெரும்பாலும் தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கும். பெயின்ட் அதை மறைக்காது, சில்வர் அடித்தால் இன்னும் தூக்கிக் காட்டும். பக்கத்தில் வழுவழு கதவு, அதில் சொரசொரக் கைப்பிடி என்றால் 'பிறகு அடித்தது' என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். சொரசொரப்பு போக வேண்டும் என்றால் 240 நம்பர், அப்புறம் 400 என்று தேய்த்து மட்டமாக்கி, பிளாஸ்டிக் பிரைமர் மேல் பள்ளங்களைக் கனமாக நிரப்பும் 2கே சர்ஃபேசர் (2கே என்றால் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு கூறு வகை) இரண்டு கோட் போட்டு, காய்ந்ததும் 600, 800 வாட்டர் பேப்பரில் இழைக்க வேண்டும். பட்டி பார்த்து நிரப்பிவிடலாம் என்பார்கள். தகரத்துக்கு வைக்கும் சாதாரணப் பட்டி பிளாஸ்டிக்கின் வளைவுக்கு ஈடுகொடுக்காமல் விரிசல் விடும். ஏற்கெனவே வழுவழுப்பான பாகம் என்றால் இந்த வேலையே இல்லை, 600 அல்லது 800 நம்பரில் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும்.

ப்ரமோட்டர் போடும்போது கையை அடக்கிப் போட வேண்டும். நிறமற்ற, தண்ணீர் மாதிரியான திரவம் அது. ஒன்று அல்லது இரண்டு மெல்லிய கோட், அவ்வளவுதான். கனமாகப் போட்டால் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தப்பு. கனத்த படலம் தனக்குள்ளேயே பிளந்துகொள்ளும். போட்ட பிறகு அடுத்த கோட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எவ்வளவு நேரத்துக்குள் முடித்தாகணும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். அந்த இடைவெளி முக்கியம். போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு வந்தால், மறுபடி தேய்த்து மறுபடி போட வேண்டியதுதான்.

கலருக்கு வருவோம். 'மாருதி சில்வர்' என்று கேட்டு வாங்காதீர்கள். காரின் கலர் கோடை, அதாவது நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். சில்க்கி சில்வருக்கு அது இசட்2எஸ். காரில் தகடோ ஒட்டுச்சீட்டோ தேடிக் கிடைக்காவிட்டால் சேஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். நிப்பான், நெரோலாக், ஏஷியன் பிபிஜி போன்ற கம்பெனிகளின் மிக்சிங் கடைகளில் கோடைக் கொடுத்தால் கலந்து தருவார்கள். ஒரே கோடுக்குள்ளும் ஷேட் வித்தியாசங்கள் உண்டு. அதோடு உங்கள் கார் சில வருடம் வெயில் பார்த்தது. முடிந்தால் பெட்ரோல் டேங்க்கின் பாடி கலர் வெளிமூடியைக் கழற்றி, பாலிஷ் கம்பவுண்டு போட்டு அழுக்கு நீக்கிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

சில்வர்தான் இருப்பதிலேயே வம்பு பிடித்த கலர். அதிலிருக்கும் அலுமினியச் செதில்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஈரமாக அடித்தால் கருக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். நேராகப் பார்க்கும்போது பொருந்தியது, சாய்வாகப் பார்த்தால் வேறாகத் தெரியும். புதுக் காரிலேயே ஃபெண்டரும் பம்பரும் சேரும் இடத்தை வெயிலில் வைத்து உற்றுப் பாருங்கள், சில்வர் கார் பலவற்றில் இலேசான வித்தியாசம் தெரியும். தகர பாடி 140 டிகிரி அளவுச் சூட்டில் வேகிறது, பிளாஸ்டிக் பம்பரால் அதைத் தாங்க முடியாது, அதைத் தனியாகச் சுமார் 80 டிகிரியில் உலர்த்துகிறார்கள். இடமும் கன்னும் பெயின்ட்டின் சேர்மானமும் வேறு. தொழிற்சாலைக்கே அந்தக் கதி என்றால் நமக்கு எப்படி இருக்கும்? நல்ல வேளையாக, மிரர் கவரும் கைப்பிடியும் சின்னவை, வளைந்தவை, பாடியோடு ஒரே மட்டத்தில் சேராதவை. கொஞ்சம் விலகினாலும் கண் மன்னித்துவிடும். எதற்கும் பழைய பெயின்ட் டப்பா மூடியிலோ தகரத் துண்டிலோ கலருக்கு மேல் வரும் நிறமற்ற பூச்சான கிளியர் வரை முழுசாக அடித்து, காரின் மேல் வைத்து வெயிலில் பார்த்துவிட்டு அப்புறம் பாகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். சாலிட் வெள்ளை சுலபம். ஆனால் கருப்பு பிளாஸ்டிக் மேல் நேரே அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் சாம்பல் சாயல் எட்டிப் பார்க்கும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் பிரைமர் கட்டாயம். மூன்று அடுக்கு பேர்ல் வெள்ளை என்றால் ஸ்ப்ரே கேனை மறந்துவிடுங்கள். நடு அடுக்கில் ஒரு கோட் கூடினாலும் குறைந்தாலும் நிறம் வேறாகிவிடும்.

பெயின்ட்டின் தரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். குறைந்த விலைக்கு அடிப்பவர்கள் டக்கோ என்று சொல்லும் என்சி பெயின்ட்டை அடித்துவிட்டு மேலே கிளியரும் என்சியிலேயே முடித்துவிடுவார்கள். கையில் வாங்கும் அன்று பளபளப்பாகத்தான் இருக்கும். என்சி வெறுமனே தின்னர் ஆவியாகி உலர்வது. காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும், வெயிலில் மங்கும், நாளாக நாளாக மொடமொடப்பாகி விரியும். பியு, அதாவது பாலியுரேத்தேன் கிளியர் அப்படியல்ல. ஹார்டனர் கலந்ததும் வேதிவினை நடந்து இறுகிவிடும், பிறகு தின்னர் துணியால் தேய்த்தாலும் அவ்வளவு சுலபமாக அசையாது. அடித்து ஒரு வாரம் கழித்து, கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் இளகி மேல்பரப்பு பிசுபிசுத்தால் நீங்கள் பியு விலைக்கு என்சி வாங்கியிருக்கிறீர்கள். கைப்பிடிக்கு பியு இல்லாமல் பேச்சே கிடையாது. வியர்வை, மோதிரம், நகம், சாவிக்கொத்து எல்லாம் அதன் மேல்தான் விளையாடும்.

நீங்களே ஸ்ப்ரே கேனில் அடிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மிரர் கவருக்கு தாராளமாக முயற்சி செய்யலாம். பாகம் சின்னது, கெட்டுப்போனாலும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கம்பியில் தொங்கவிட்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே போய் நிறுத்துங்கள். முதல் கோட் பனி தெளித்த மாதிரி இருந்தால் போதும். கோட்டுக்கு கோட் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். சில்வரில் கடைசி கோட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று தூவல் மாதிரி அடித்தால் செதில்கள் திட்டுத்திட்டாகப் படுக்காது. சில்வர் காய்ந்த பிறகு அதை உப்புத்தாளால் தொடாதீர்கள், செதில் கலைந்து கறை மாதிரி தெரியும். சாதாரண கேனில் வரும் கிளியர் ஒற்றைக் கூறு, அவ்வளவு வலு இல்லை. அடியில் பட்டன் அழுத்தி ஹார்டனரை விடுவிக்கும் 2கே கேன் கிடைத்தால் அதை வாங்குங்கள். பட்டனை அழுத்திவிட்டால் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. கலரை நீங்கள் அடித்துவிட்டு கிளியர் மட்டும் பெயின்டரிடம் கொடுப்பதும் உண்டு, பல பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த 2கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகையை இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். கொரோனா காலத்து என்95 மாஸ்க் இதற்குப் போதாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க், கையுறை, கண்ணாடி, திறந்த இடம் என்பது குறைந்தபட்சம். தொழிலாகச் செய்பவர்கள் தனிக் காற்று வரும் மாஸ்க்கே போட வேண்டும். நம் ஊரில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிக்கிறார்கள், பார்க்கவே வயிறு கலங்குகிறது. வீட்டு வராண்டாவில் குழந்தைகள் இருக்கும்போது அடிக்காதீர்கள்.

நாள், நேரம் பார்ப்பதும் அவசியம், ஜோசியத்துக்காக அல்ல. தின்னர் ஆவியாகும்போது பெயின்ட்டின் மேல்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். என்சியில் இது அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் திறந்தவெளி வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. விடியற்காலை காற்றில்லாமல் இருக்கிறதே என்று அப்போது அடிப்பவர்கள் உண்டு, ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே அந்த நேரம்தான். வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகு, நிழலில், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கி அடிக்கலாம். சித்திரை வெயிலில் அதற்கு நேர் எதிர்ச் சிக்கல். துளி பாகத்தைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக விழும், மெதுவாக உலரும் தின்னர் போட வேண்டும். கம்ப்ரஸரில் தண்ணீர் வடிகட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியைக் கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இழுத்தால் உள்ளே கருப்பு தெரியும், அசையும் இடத்தில் பெயின்ட் பாலம் மாதிரி படிந்து முதல் இழுப்பிலேயே உடையும், அந்த உடைப்பிலிருந்துதான் உரிதல் ஆரம்பிக்கும். கழற்றுவதற்கு சில கார்களில் கதவின் விளிம்பில் ரப்பர் மூடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதோடு முடிந்துவிடும். சிலவற்றில் உள்பக்க டோர் பேடையே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது பேடுக்குப் பின்னால் கருப்புப் பிசினால் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று இருக்கும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அதுதான். அதைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் மூடிவிடுவது நிறைய நடக்கிறது. அடுத்த மழையில் கால்மிதியடி நனையும், காரணமும் புரியாது. திரும்ப மாட்டும்போது அது ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கைப்பிடியின் அசையும் மூட்டுகளிலும், மிரர் கவரின் கிளிப்புகளிலும் பெயின்ட் ஏறக் கூடாது. அந்த இடைவெளிகள் மிகக் குறுகியவை, ஏறினால் கைப்பிடி திரும்பிப் போகாமல் இறுகும், கிளிப் உடையும்.

சைடு பீடிங்கை ஏன் வேண்டாம் என்றேன்? அது அடிவாங்கவே ஒட்டியது. பக்கத்துக் காரின் கதவு இடிக்கும், பைக் ஹேண்டில் உரசும். கருப்பாக இருந்தால் துடைத்துவிட்டுப் போய்விடலாம், சில்வர் அடித்திருந்தால் ஒவ்வொரு உரசலும் கருப்புக் கோடாகத் தெரியும். கருப்பு பிளாஸ்டிக் என்றாலே சிக்கனம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1972-ல் பிரான்ஸில் ரெனோ 5 வந்தபோது பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது, பார்க்கிங் இடிகளைத் தாங்கட்டும் என்றுதான். அதற்கு முன்பே 1968-ல் அமெரிக்காவில் பான்டியாக் ஜிடிஓ பாடி கலரிலேயே வளைந்து கொடுக்கும் முன்பம்பரைக் காட்டியது. இரண்டுமே அந்தக் காலத்தில் புதுமை. இன்று லட்சக்கணக்கில் விலை வைத்த எஸ்யூவிகளிலும் வீல் ஆர்ச்சைச் சுற்றிக் கருப்பாகவே விடுகிறார்கள், டயர் வீசும் கல் அங்கேதான் படுகிறது. பீடிங் வெளுத்துப்போனதுதான் உங்கள் கவலை என்றால் நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக்குக்கான டிரிம் ரெஸ்டோரர் போடுங்கள். கலர் அடிப்பதைவிட மலிவு, கெட்டாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கவுல் கதை வேறு. அது பெரும்பாலும் பிபி, வெயிலும் என்ஜின் சூடும் இரண்டு பக்கமும் வாட்டும், சருகும் வைப்பரும் உரசும். மங்கிய கருப்பாக இருப்பதால்தான் மதிய வெயிலில் கண்ணாடிக்குக் கீழே இருந்து ஒளி கண்ணில் அடிக்காமல் இருக்கிறது. அதில் போய் சில்வர் அடிப்பானேன்? ஜன்னல் ஓர ரப்பர் பீடிங்குக்கும் அதேதான், ரப்பரில் பெயின்ட் விரிந்து உதிரும், கண்ணாடியில் கோடு போடும். குரோம் பட்டைகளை மறைக்க நினைப்பவர்கள் பெயின்ட்டுக்குப் பதில் வினைல் ஒட்டிக்கொள்வதே மேல். குரோமின் பளபளப்பை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் அதில் எதுவும் பிடிக்காது, தேய்க்கும்போது முலாம் உரிந்தால் அதன் விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும்.

பம்பரில் பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் முகத்தில் கனமாக அடிக்கக் கூடாது, அதிர்ந்துதான் அது வேலை செய்கிறது. ரேடார் வைத்த கார்களில் ரேடாருக்கு முன்னால் இருக்கும் கவர், லோகோ, கிரில் பகுதியில் மெட்டாலிக் பெயின்ட் அறவே வேண்டாம். உங்கள் காருக்கு ரேடார் கவலை இல்லை. ஆர்சி புக்கைப் பற்றியும் பயப்பட வேண்டியதில்லை. காரின் நிறத்தையே மாற்றினால்தான் ஆர்டிஓவில் பதிய வேண்டும். பதிவில் உள்ள அதே நிறத்தை மிரருக்கு அடிப்பது அதில் வராது.

பெயின்டரிடம் பேசும்போது மிரர் கவரின் உள்பக்கத்தையும் ஒரு ஓரம் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் வெளிப்பக்கமும் வரப்போகிறது, அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். பாதிப் பணத்தை அந்த டேப் பார்த்த பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்கிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

அடித்து முடிந்ததும் ஒரு நாள் பாகத்தைத் தொடாமல் விடுங்கள், ஒரு வாரம் ஷாம்பூ வாஷ் வேண்டாம், ஒரு மாதம் வேக்ஸ் வேண்டாம். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை மிரர் விளிம்புக்கு நேராக ஒட்டிப் பிடிக்காதே என்று சொல்லிவையுங்கள். மிச்சமான சில்வர் பேஸ் கோட்டைச் சின்ன பாட்டிலில் கேட்டு வாங்கி, இறுக மூடி, கலர் கோடும் தேதியும் எழுதி வையுங்கள். ஹார்டனர் கலக்காதது என்பதால் அது கெடாமல் இருக்கும், கைப்பிடியில் நகம் கீறும் இடத்துக்கு எப்படியும் ஒருநாள் தேவைப்படும்.